நடுப்பக்கப் பேட்டி

ஜனவரி 6, திங்கள்

இன்று எனக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது. எங்கள் கல்லூரி மாணவர்கள் கொண்டுவரப் போகும் இசைப் பத்திரிகைக்கு நான்தான் வடிவமைப்பாளர். இருபத்து நான்கு பக்கம். படிக்கப் போகிறவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகள். பிப்ரவரி ஐந்தாம் தேதி பள்ளிகளுக்கான இசை விழா எங்கள் மைதானத்தில் நடக்கிறது. அன்று நாற்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையிலும் இது இருக்க வேண்டும். முழுதாக ஒரு மாதம் கூட இல்லை.

பத்திரிகைக்குப் பொறுப்பான பொன்னுலிங்கம் சார் 'இன்னிசைச் சோலை' என்று பெயர் வைக்கச் சொன்னார். பத்திரிகையின் ஆசிரியை ஃபர்ஹானா மேலப்பாளையத்துக்காரி, யாரிடமும் பேச அஞ்சாதவள். "சார், சோலைன்னு போட்டா செடி விக்குற நோட்டீஸ்னு நெனச்சு பிள்ளைக கீழ போட்ரும்" என்றாள். சாரே சிரித்துவிட்டார். கடைசியில் 'ஒலிவாங்கி' என்று முடிவாயிற்று. 'ஒ'வின் சுழியை மைக்காக வரைந்து காட்டினேன். எல்லோருக்கும் பிடித்தது.

அட்டைப்படம், நடுப்பக்கப் பேட்டி இரண்டும் சுதனுக்கு. கல்லூரி இசைக்குழுவின் பாடகன், இறுதியாண்டு பி.காம். 'கச்சான்' என்று அவன் டிசம்பரில் வெளியிட்ட பாட்டை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதன் போஸ்டர் நான் செய்தது. மூலையில் பொடி எழுத்தில் 'வடிவமைப்பு: ஆவுடை' என்று இருக்கும். கல்லூரியில் எல்லோரும் அவனை அண்ணா என்பார்கள். நான் சொல்வதில்லை.

விடுதிக்கு வந்து டெல்பினிடம் சொன்னேன். ஒன்றரை வருடமாக ஒரே அறை நாங்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில யாரு?"

சொன்னேன். மடித்த சுடிதாரை உதறி மறுபடி மடித்தாள். டிசம்பரிலிருந்தே அவளுக்கு உடம்பு சரியில்லை போல. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஜனவரி 8, புதன்

பக்கத்தை நெட்டுக்கு இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஓரத்தில் அகலமான வெள்ளை. அட்டைக்கு ஆரஞ்சும் கருநீலமும். எழுத்தைப் பன்னிரண்டு புள்ளி அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று எனக்கே சட்டம் போட்டுக்கொண்டேன். அச்சகத்துக் கணினியில் திறந்து பார்த்தால் 'கொ'வில் கொம்பு தனியே நிற்கிறது, எழுத்து தனியே நிற்கிறது. எழுத்துருவை மாற்ற வேண்டும்.

மாலையில் ஜெபக்கனி வந்து கதவைத் தட்டினாள். கல்லூரிப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள்; டெல்பினுக்கு அவள்தான் அங்கே ஒரே தோழி. டெல்பின் எழுந்திருக்கவில்லை.

"தூங்குதான்னு சொல்லிரு" என்றாள், கண்ணைத் திறந்துகொண்டே.

சொன்னேன். ஜெபா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். டெல்பின் பாடகர் குழுவிலிருந்து விலகி மூன்று வாரம் ஆகிறதாம். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கேன்டீனில் சுதனைப் பேட்டி கண்டோம். ஃபர்ஹானா கேள்வி கேட்டாள், நான் பதிவு செய்தேன். இந்தப் பாட்டு எப்படி வந்தது என்று கேட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மொட்டைமாடியில் நின்றானாம். கொடியில் கிடந்த துணி காற்றில் படபடவென்று அடித்ததாம். அந்தச் சத்தத்தில் தாளம் கிடைத்தது, தாளத்தின் மேல் வரி வந்து உட்கார்ந்தது என்றான். நன்றாகப் பேசுகிறவன். தலைப்பையும் அதிலிருந்தே எடுத்துவிட்டேன்: 'மாடிக் கொடியில் பிடித்த தாளம்'.

"கச்சான்னா என்ன?" என்று ஃபர்ஹானா கேட்டாள்.

"அது ஒரு ஊரு. சின்ன வயசுல போயிருக்கேன். அங்க ஒரு மாதிரி காத்து அடிக்கும்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ஹானா போனதும் சுதன் என் பக்கம் குனிந்தான். "சரியாச் சொன்னேனா? தப்பா இருந்தா எழுதும்போது நீ பாத்துக்கோ."

மாலை உட்கார்ந்து எழுதும்போது ஒரே ஒரு இடத்தைத் திருத்தினேன். 'கச்சான் என்பது மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. அது எழும்பினால் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும்.' பேட்டியில் இப்படிச் செப்பம் செய்வது வழக்கம்தான். இது உனக்கு எப்படித் தெரியும் என்று ஃபர்ஹானா கேட்டாள். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். திருத்திய பக்கத்தைச் சுதனுக்கும் அனுப்பிவைத்தேன்.

டெல்பினுக்குக் கூட்டப்புளி. கடற்கரை ஊர். அவள் அண்ணன் படகில் போகிறவர்.

ஜனவரி 14, செவ்வாய்

அம்பாசமுத்திரம் வந்திருக்கிறேன். பொங்கல். டெல்பினுக்கு வாழ்த்து அனுப்பினேன். நீல டிக் விழவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மாதிரிப் பிரதி ஒன்றை நானே ஸ்டேப்ளர் பின் அடித்து ஒரு பெண்கள் பள்ளிக்கு எடுத்துப்போனோம். ஒன்பதாம் வகுப்பு. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடமே கேட்டுவிடலாம் என்பது ஃபர்ஹானாவின் யோசனை. பிள்ளைகள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

"எக்கா, இவ்வளவு எழுத்தா? எங்க ஹிஸ்டரி புக்கு பரவால்ல."

"மஞ்சள்ல வெள்ளை எழுத்து, கண்ணு கூசுது."

"அட்டையில கிதாரு. எங்க யார்ட்டயும் கிதாரு கிடையாது. நாங்க பெஞ்சுலதான் தட்டுவோம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வருத்தமாக இல்லை, உண்மையில் மனதுக்கு உற்சாகமாகவே இருந்தது. அப்போது கடைசி பெஞ்சில் பேட்டியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை தலையைத் தூக்கினாள்.

"இந்த அண்ணன் கடக்கரை ஆளா?"

"இல்ல, பாளையங்கோட்டதான்" என்றாள் ஃபர்ஹானா.

"பொறவு எப்படி இந்த வரி?" பேட்டியின் மேலே பெரிய எழுத்தில் நான் எடுத்துப் போட்டிருந்த வரிகளை வாசித்தாள்.

கச்சான் எழும்பிட்டா கடலுக்குப் போகாதே,
காத்து அடங்கும் வரை கதவைச் சாத்தாதே.

"எங்க அப்பா வர நேரமாச்சுன்னா எங்கம்மா கதவைச் சாத்தவே மாட்டா. வீட்டுல இருக்கவங்களுக்குத்தான அது தெரியும்?"

"கவிஞர்களுக்கு எல்லாம் தோணும்" என்றேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்தாள். ஃபர்ஹானாவும்தான்.

ஜனவரி 22, புதன்

கட்டுரைகளைச் சுருக்கிவிட்டேன். மஞ்சளைத் தூக்கியாயிற்று. ஏழாம் பக்கத்தில் குரல் உடையும் வயதில் பாடுவது எப்படி என்று ஒரு கட்டுரை, பத்தில் குறுக்கெழுத்து.

ஃபர்ஹானாவுக்குப் புதிதாக ஒரு ஆசை. ஒரு பாட்டு எப்படி வளர்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். சுதன் முதன்முதலில் முணுமுணுத்ததைப் பதிவு செய்திருப்பான் அல்லவா, அதை வாங்கி ஒரு கியூஆர் கட்டத்தில் வைக்கலாம் என்கிறாள். சுதனிடம் கேட்டதற்குத் தேடித் தருகிறேன் என்றானாம். மதியம் நூலகத்துப் படிக்கட்டில் என்னை நிறுத்தினான்.

"அந்த ஆடியோ இன்னும் உன் ஃபோன்ல இருக்கா?"

"இருக்கு."

"அழிச்சிரு. மெசேஜையும் சேத்து. நான் கிதாரோட புதுசா ஒண்ணு பண்ணிக் குடுத்துருதேன், பழசு மாதிரியே."

"அது பொய்யில்லையா?"

"இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோமாம்?" என்று சிரித்தான். 'இருந்தோம்' என்றான்.

சரி என்றேன். இன்னும் அழிக்கவில்லை. மறந்துவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

காலையில் மெஸ்ஸில் நல்ல கூட்டம். ஜெபா தட்டோடு வந்து டெல்பின் எதிரில் உட்கார்ந்தாள். "ஏட்டி, என்ன கோவம்னு சொல்லிட்டாவது பேசாம இரு" என்றாள்.

டெல்பின் எழுந்துவிட்டாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"ஒனக்குத் தெரியாதா? காலேஜ் சர்ச்சுல வச்சு நான் ஒங்கிட்ட மட்டுந்தான பாடிக் காமிச்சேன்? வேற யாருக்குட்டி தெரியும்? நீதான அவன்ட்ட குடுத்த?"

"எவன்ட்ட? என்னத்தக் குடுத்தேன்?"

"எம்பாட்ட!"

மெஸ்ஸே நிமிர்ந்து பார்த்தது. ஜெபாவுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "சத்தியமா இல்லட்டி. மாதா மேல சத்தியமா இல்ல." டெல்பின் போய்விட்டாள். ஜெபா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்து மேசையில் யாரோ 'கீபோர்டுக்காரிதான் வித்துட்டாளாம்' என்று கிசுகிசுத்தார்கள்.

நான் என் தட்டைக் கழுவினேன். உப்புமா அப்படியே இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

அக்டோபரில் நடந்ததை எழுதுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை மாலை. துணி எடுக்க விடுதி மாடிக்குப் போனேன். கொடியில் போர்வைகள் படபடத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் டெல்பின் பாடிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அவள் அண்ணன் ஒருமுறை காற்றில் மாட்டி மூன்று நாள் திரும்பவில்லை; அம்மா மூன்று நாளும் கதவைச் சாத்தாமல் வாசலிலேயே இருந்தார்கள் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். கச்சான் என்றால் என்ன என்றும் அன்றுதான் சொன்னாள். அந்தப் பாட்டு அதுதான் என்று கேட்டவுடன் புரிந்தது. ஃபோனை எடுத்துப் பதிவு செய்தேன்.

கீழே வந்ததும் சுதனுக்கு அனுப்பினேன். அவன் இசைக்குழுவுக்குப் புதுப் பாட்டு எதுவும் அமையவில்லை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். என்னிடம் அவன் கேட்கும்படி ஏதாவது இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. 'என் ரூம்மேட் சொந்தமாப் போட்டது, யாருக்கும் அனுப்பாதீங்க' என்று எழுதினேன். 'செம. அனுப்ப மாட்டேன்' என்று பதில் வந்தது, ஒரு இதயத்தோடு. அந்த இதயத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நவம்பரில் போஸ்டர் செய்யக் கூப்பிட்டான். பாட்டைப் போட்டுக் காட்டினான். நடுவில் ஆங்கிலத்தில் ஏதோ சேர்த்திருந்தான். மற்றதெல்லாம் அவள் மெட்டு, அவள் சொல். எனக்கு அப்போதே தெரியும். உட்கார்ந்து போஸ்டரைச் செய்தேன்.

டெல்பினுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 25, சனி

சுதனைப் பார்த்தேன். "பேட்டிய எடுத்துருவோம். நீங்களே உண்மையச் சொல்லிட்டா நல்லது" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. பொறுமையாகப் பேசியதுதான் பயமாக இருந்தது. "அவ மாடியில நின்னு முனங்குனா. அத யாரு கேட்டா? நான் அதப் பாட்டாக்கி மூணு லட்சம் பேருக்குக் கொண்டுபோனேன். சரி, திருட்டுன்னே வச்சுக்குவோம். அனுப்புனது யாரு? கேக்காம ரெக்கார்டு பண்ணுனது யாரு? அந்த ஸ்க்ரீன்ஷாட்ட உங்க ஹாஸ்டல் குரூப்புல போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, ஆவுடை."

அச்சுக்குக் கொடுக்க இன்னும் ஆறு நாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். தேசிய கீதம் பாடும்போது டெல்பின் உதடு அசையவில்லை.

ஜனவரி 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மாலை அறையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஜெபா இல்ல. நான்தான்" என்றேன்.

சீப்பு அப்படியே நின்றது.

"என்ன நீதான்?"

முழுவதும் சொன்னேன். மாடி, போர்வை, ஃபோன், சுதன், போஸ்டர். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெஸ்ஸுல நான் ஜெபாவக் கேக்கும்போது நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

அவள் சீப்பை மேசையில் வைத்தாள். அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். நான் அழ ஆரம்பித்தேன். "அழாத" என்றாள். குரலில் ஆறுதல் இல்லை, உத்தரவு இருந்தது. "மொதல்ல போய் ஜெபாட்ட சொல்லு. மெஸ்ஸுல எத்தன பேரு இருந்தாங்களோ அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"பத்திரிகையில உம்பேர் போட்டு எழுதிருவோம் டெல்பின்..."

"எம்பேரு வேணாம். அந்த ஆடியோவ யாருக்கும் போட்டுக் காட்டவும் கூடாது. ஏற்கெனவே கேட்டவங்க போதும்."

இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. மெஸ்ஸில் ஜெபாவின் மேசை முன் நின்று சொன்னேன். கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன். ஜெபா என்னைத் திட்டவில்லை. எழுந்து நேராக டெல்பினிடம் போனாள். இருவரும் டெல்பினின் பெட்டியை ஆளுக்கு ஒரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு ஜெபாவின் அறைக்குப் போனார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

ஃபர்ஹானாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பேனாவை மூடினாள். பிறகு, "நாலு நாளா உன்கூட உக்காந்து கமா திருத்துனேன். ஒரு வார்த்த சொல்லல பாத்தியா" என்றாள். எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொன்னுலிங்கம் சாரிடம் போனாள்.

சார் சுதனையும் கூப்பிட்டார். அவன் அலுங்காமல் வந்து நின்றான். இந்தப் பிள்ளைகளுக்குப் பொறாமை சார் என்றான். சார் யோசித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கச்சான்னா என்னப்பா?"

எனக்கு உயிர் வந்தது. மறுநொடியே போய்விட்டது.

"மேற்கேயிருந்து அடிக்கிற காத்து சார். அது எழும்பினா கடல் கொந்தளிக்கும், படகெல்லாம் கரையேறிரும்."

நான் எழுதிக் கொடுத்த வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. சார் ஃபர்ஹானாவைப் பார்த்தார். "சரியாத்தானம்மா சொல்லுதான்? விழா முடியட்டும், பொறவு பேசுவோம்."

"சார், ஆசிரியைன்னு எம்பேரு இருக்கு. இந்தப் பேட்டி போகும்னா எம்பேர எடுத்துருங்க" என்றாள் ஃபர்ஹானா. சாருக்கு முகம் இறுகியது.

ஃபோனை எடுத்து அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக்குப் போனேன். சார் மேசையில் வைத்தேன். என் செய்தி, அவன் பதில், அந்த இதயம். எல்லாம் இருந்தன. சுதன் முகத்தை நான் பார்க்கவில்லை. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஆடியோ மேல் விரலைக் கொண்டுபோனார்.

"வேணாம் சார்" என்றேன். "அது அவள்ட்ட கேக்காம எடுத்தது."

விரலை எடுத்துக்கொண்டார். "சுதன், நீ போ. நாளைக்கு உங்க ஹெச்.ஓ.டி.யோட வா." அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். "பேட்டி கிடையாது. அட்டையும் மாத்துங்க. நீ ஆரம்பிச்சத நீயே முடி. ஆனா அடுத்த இதழ்ல நீ கிடையாது. புரியுதாம்மா?"

புரிந்தது.

ஜனவரி 29, புதன்

நடுவில் நான்கு பக்கம் காலி. நாளை மறுநாள் அச்சு. காலையில் அந்தப் பள்ளிக்கு ஓடினோம். பிள்ளைகள் பெஞ்சில் தட்டும் தாளங்களைப் படம் எடுத்தோம். எந்த விரல், எந்த இடம் என்று அவர்களே சொல்லச் சொல்ல ஃபர்ஹானா எழுதினாள். இரண்டு பக்கம் நிறைந்தது. பெஞ்சின் மேல் பன்னிரண்டு கைகள், மையும் மருதாணியுமாக. அதுதான் அட்டை. கிதாரை விட ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கிறது.

மீதி இரண்டு பக்கம்.

"நீ பண்ணுனத எழுது" என்றாள் ஃபர்ஹானா. "பிள்ளைக கையில எல்லாம் ஃபோன் இருக்கு. அதுகளும் பதிவு பண்ணும், அதுகளும் அனுப்பும். கட்டுர மாதிரி புத்தி சொல்லாத. நடந்தத மட்டும் எழுது."

ஐந்து மணி நேரம் எழுதினேன். டெல்பின் பெயர் இல்லை, ஊர் இல்லை. 'ஒரு தோழி' என்று மட்டும் போட்டேன்; மேலே அந்தக் கச்சான் வரிகள் இரண்டும். அடியில் என் முழுப்பெயர்.

ஜனவரி 30, வியாழன்

டெல்பின் சம்மதம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாது என்று ஃபர்ஹானா கறாராகச் சொல்லிவிட்டாள். அவளே ஜெபாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் கணினி அறையில் காத்திருந்தேன். ஒரு மணி ஆயிற்று, மூன்று மணி ஆயிற்று. வரமாட்டாள் என்று அந்த இரண்டு பக்கத்துக்கும் பதிலாக ஒரு புதிர்ப் பக்கத்தை அடுக்க ஆரம்பித்தேன்.

நான்கரைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிரதியை எடுத்து ஜன்னல் பக்கம் நின்று படித்தாள். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு மேசைக்கு வந்து என் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

ஒரே ஒரு சொல்லை அடித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். 'தெரியாமல்' போயிருந்தது.

கணினியில் அதை நீக்க ஒரு நொடிதான் ஆகும். கொஞ்ச நேரம் என்னால் முடியவில்லை. பிறகு நீக்கினேன்.

ஜனவரி 31, வெள்ளி

அச்சுக்குப் போனது. கொம்பெல்லாம் அந்தந்த எழுத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

சுதன் சொன்னதைச் செய்துவிட்டான். யார் மூலமோ ஸ்க்ரீன்ஷாட் எங்கள் விடுதிக் குழுவில் காலையிலேயே வந்துவிட்டது. கூடவே, 'உண்மையான திருடி யார்?' என்று ஒரு வரி. நான் நடந்தால் பேச்சு நிற்கிறது. குளியலறைக் கதவில் யாரோ என் பெயரை எழுதி ஒரு இதயம் வரைந்திருக்கிறார்கள். அதை அழிக்கவில்லை. அறையில் இப்போது நான் மட்டும்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

பாட்டை எடுத்துவிடச் சொல்லிக் கல்லூரி அவனிடம் கேட்டதாம். எடுக்கவில்லை. பாட்டின் கீழே 'இசை, வரிகள்: சுதன்' என்று இருந்ததை மட்டும் மாற்றியிருக்கிறான். இப்போது 'பாரம்பரியக் கடற்கரைப் பாடல்' என்று இருக்கிறது.

ஃபர்ஹானா கத்தித் தீர்த்தாள். "பாரம்பரியமா? அப்ப யாருமே எழுதல, அப்படித்தான?"

ஜெபாவிடம் இதைக் காட்டினாளாம். டெல்பினும் பார்த்தாளாம். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஃபோனை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள் என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

விழா. எட்டு மணிக்கே மைதானம் சீருடைகளால் நிறைந்துவிட்டது. கட்டுகளைப் பிரித்து மேசையில் அடுக்கினோம். பிள்ளைகள் வந்தார்கள், எடுத்தார்கள், அட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவள் முதுகில் அந்தத் தாளத்தைத் தட்டினார்கள். அரை மணி நேரத்தில் மைதானம் முழுக்கப் பெஞ்சு, நாற்காலி, தண்ணீர் பாட்டில் என்று கிடைத்ததிலெல்லாம் தட்டல் சத்தம். ஃபர்ஹானா என் தோளில் குத்தினாள். அவள் என்னைத் தொட்டே ஒரு வாரம் ஆகியிருந்தது.

பத்து மணி வாக்கில் நாலைந்து பெண் பிள்ளைகள் நடுப்பக்கத்தை விரித்தபடி மேசைக்கு வந்தார்கள். மாநிறமாக, ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி கேட்டாள்.

"இதுல ஆவுடைங்கிறது யாரு?"

"நான்தான்."

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பாட்டை மூன்று லட்சம் பேர் பார்த்தும் யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப அந்த அக்கா யாரு? பாட்டு எழுதுனவங்க?"

"அது சொல்லக் கூடாது."

"நெட்டுல பழைய பாட்டுன்னு போட்டிருக்கு. யாரும் எழுதலையாம்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் எழுதுனேன்."

டெல்பின். பாடகர் குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டாள் போல; அதன் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஜெபா. அவர்கள் மேடையேறப் போகும் வழி அது. நின்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நிசமாவா? உங்க பேரு என்னக்கா?"

"சகாய டெல்பின். கூட்டப்புளி."

ரெட்டைச் சடைக்காரி பத்திரிகையை நீட்டி அந்த இரண்டு வரியையும் காட்டினாள். "இவ்வளவுதானா? இதுக்குப் பொறவு இல்லயா?"

"இருக்கு. இன்னும் ரெண்டு சரணம் இருக்கு. அது யார்ட்டயும் இல்ல."

"பாடுங்கக்கா."

டெல்பின் ஜெபாவைப் பார்த்தாள். ஜெபா தலையசைத்தாள். டெல்பின் குனிந்தாள். பிள்ளைகள் தலையோடு தலை ஒட்டி உள்ளே நெருங்கினார்கள். அவள் பாட ஆரம்பித்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் பாடி இன்றுதான் பார்க்கிறேன்.

மேடையில் ஏதோ ஒரு பள்ளியின் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு மேசைதான். அவள் உதடு அசைவதையும், பிள்ளைகளின் முகம் மெல்ல மாறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. கிட்டப் போகவும் இல்லை.